லெவனுக்கு எதிரா ஆடுன சீசன்

பொம்பளைங்க பாஸ்கெட்பால் டீம்ல ஒரு சீசன் ஃபுல்லா வேலை செஞ்சேன்னு சொன்னா, எல்லாரும் மொதல்ல கேக்குறது தண்ணி பாட்டில் தூக்குனியான்னு தான். இல்ல. என் வேலை எதிரி வேலை. காலையில ஆறு மணிக்குப் போய் அவங்களுக்கு எதிரா ஆடணும், ஒம்போது மணிக்கு வியர்வையைத் தொடச்சிக்கினு டைல்ஸ் கடைக்குப் போவணும். ஜெயிக்கவும் கூடாது, சும்மா தோத்துக் குடுக்கவும் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு கீது, அது இன்னான்னு சீசன் முடியிற வரைக்கும் எனக்கு யாரும் சொல்லல.

திருப்பதி பேரு போட்டு ஒரு டீம் லீக்ல புதுசா சேந்துச்சி. மேட்ச் திருப்பதி இண்டோர் ஸ்டேடியத்துல. அங்க மத்த நாளெல்லாம் கல்யாணம், மீட்டிங்குன்னு ஏதாவது நடந்துக்கினே இருக்கும், அதனால பிராக்டிஸ் மட்டும் சித்தூர்ல, ஒரு காலேஜ் கோர்ட்ல. பொம்பளைங்க டீமுக்குப் பிராக்டிஸ் குடுக்க ஆம்பளைங்களை வெச்சிக்கிறது எல்லா ஊர்லயும் கீற வழக்கம் தானாம். சித்தூர் முனிசிபல் கிரவுண்ட்ல சாயங்காலம் ஆடிக்கினு இருந்த எங்க அஞ்சு பேரை வந்து பொறுக்கிக்கினு போனாங்க. அடுத்த வாரம் எந்த டீம் வருதோ, இந்த வாரம் நாங்க அந்த டீம். கோச் மேடம் போன்ல வீடியோ அனுப்புவாங்க. நாங்க பாத்துட்டு வரணும். அந்த டீம் ஆளுங்க நம்பரு போட்ட பனியனை மாட்டிக்கினு, அவங்க எப்படி ஓடுறாங்களோ அப்படி ஓடணும், எந்தப் பக்கம் திரும்புறாங்களோ அந்தப் பக்கம் திரும்பணும்.

இதுக்குன்னே பொறந்த மாதிரி எனக்கு. பத்தாவது படிக்கும்போது எங்க லெக்கலு சார் போர்டு கிட்ட நடக்குற நடையை நான் பின்னாடியே நடந்து காமிச்சிக்கினு இருந்தேன். கணக்கு சாரைத் தான் அங்க அப்படிக் கூப்புடுவோம். கிளாஸு சிரிச்சிது. ஒருநாள் சாரு திரும்பிட்டாரு. அதோட என் படிப்பு முடிஞ்சிது. அன்னைக்கு என்னை வெளிய தள்ளுன அதே திறமைக்குத் தான் இப்ப காலையில இட்லி வாங்கிக் குடுத்தாங்க.

கூட்டாளிங்க மட்டும் சும்மா விடல. இந்த வாரம் எந்த ஊர் பொண்ணுடான்னு கடை வாசல்ல நின்னு கேப்பானுங்க. ஒரு வாரம் நான் கேரளாக்காரி, ஃப்ரீ த்ரோ போடுறதுக்கு முன்னாடி பந்தை மூணு வாட்டி தட்டி காதோரம் முடியை ஒதுக்குவேன். இன்னொரு வாரம் பஞ்சாப்காரி, தோளால இடிச்சிக்கினே உள்ள போவேன். டைல்ஸ் கடையில பெட்டி தூக்கும்போது கூட கை தானா காதோரம் போச்சி. மொதலாளி பாத்துட்டு தலையில அடிச்சிக்கினாரு.

மேடம் தெலுங்குக்காரங்க. அந்தக் காலத்துல ஆடுனவங்க, ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆனது. கத்த மாட்டாங்க. விசிலை வாயில வெச்சிக்கினு "ஏமிரா"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க, அஞ்சு பேருல யாரைச் சொன்னாங்கன்னு தெரியாம அஞ்சு பேரும் ஒயுங்கா நிப்போம்.

டீம்ல பன்னெண்டு பேரு. அதுல என் கணக்குல வந்தது ஒரே ஒரு ஆளு, லெவன். அதோட நம்பரு அது. எதிர் டீம்ல பந்தை ஓட்டிக்கினு வர்ற ஆளு எப்பவும் நான், எங்க டீம்ல அந்த வேலையைப் பண்றது கேப்டன் அக்காவும் லெவனும். கேப்டன் அக்கா மெட்ராஸ், அதுங்கிட்ட நான் வாயே தொறக்க மாட்டேன், ஒருதடவை தொறந்து வாங்கிக் கட்டிக்கினேன். லெவன் சத்தியவேடு பக்கம், நான் நகரி பக்கம். ரெண்டு பேரும் ஒரே பேச்சு. இன்னா, கீது, துன்னு எல்லாம் வரும். மத்தவங்க அதைக் கேட்டுட்டு சிரிச்சாங்கன்னா லெவன் அவங்களைத் தெலுங்குல திட்டும், எனக்கு மட்டும் தமிழ்ல.

அதோட நைனா கூலி வேலை. இப்ப தான் கொஞ்சம் நெலம் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போடுறாரு. லெவன் ஸ்ரீ சிட்டியில ஒரு ஃபேக்டரியில செல்போன்ல கேமரா ஒட்டுற லைன்ல நின்னுக்கினு இருந்துச்சி, அந்த வேலையை விட்டுட்டு வந்துச்சி. டீம் சேரும்போதே எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க: சீசன் முடிஞ்சா பன்னெண்டுல எட்டு பேரைத் தான் அடுத்த வருசத்துக்கு வெச்சிப்போம். அந்த எட்டுல லெவன் இருந்தா ஆட்டம். இல்லன்னா திரும்பவும் கேமரா. அது அதைப் பத்திப் பேசாது. ஆனா பிராக்டிஸ் முடிஞ்சி எல்லாரும் பஸ்ஸுல ஏறுன அப்பறமும் தனியா பந்து போட்டுக்கினு இருக்கும், டிரைவர் ஹாரன் அடிக்கிற வரைக்கும்.

மொத வாரமே அதுங்கிட்ட ஒரு விசயத்தைக் கண்டுபுடிச்சேன். யாரு மேலயாவது அதோட கால் பட்டுச்சின்னா கை தானா கீழ போவும். தொட்டு கண்ல ஒத்திக்கும். நம்ம ஊர்ல எல்லாரும் பண்றது தான், பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் மேல பட்டா நானும் பண்ணுவேன். ஆனா பந்து கையில கீறப்ப எவன் பண்ணுவான்? இது பண்ணுச்சி. என் ஷூ மேல அதோட ஷூ லேசா ஒரசுச்சி, சட்டுனு குனிஞ்சி என் முட்டியைத் தொட்டுச்சி. நான் பந்தை எடுத்துக்கினு ஓடிப் போய் கூடையில போட்டுட்டு திரும்பிப் பாத்தா, அது கண்ல ஒத்திக்கினு நிக்கிது.

கோர்ட்டே சிரிச்சிது. மேடம் மட்டும் சிரிக்கல. அப்பறம் பந்து அதோட கால்ல பட்டாலும் பந்தைத் தொட்டு ஒத்திக்குதுன்னு பாத்தோம். சோறு போடுறதாச்சே, கால்ல பட்டா பாவம் இல்லையான்னு கேட்டுச்சி. சரின்னு விட்டிருக்கலாம். நான் விடல. அடுத்த நாள்ல இருந்து வேணும்னே என் கால் முனையை அதோட ஷூக்குப் பக்கத்துல கொண்டு போனேன். ஒரசும், குனியும், நான் பந்தை எடுத்துக்கினு போவேன். ஒரு காலையில நாலு வாட்டி. அஞ்சாவது வாட்டி அது குனியாம நெஞ்சுல ஒரு வெரலை மட்டும் வெச்சிட்டு ஓடுச்சி. அந்த அரை செகண்டு எனக்குப் போதும், அதுலயும் எடுத்தேன்.

"பாவம் புடிச்சவனே, ஒரு நாளைக்காவது காலை ஒங்கிட்டயே வெச்சிக்கியேன்"னு கேட்டுச்சி.

என்னை அம்மன்னு நெனச்சிக்கோ, கால்ல விழுந்தா நீ இன்னா கொறைஞ்சா பூடுவேன்னு நான் சொன்னேன். என் மேல பந்தைத் தூக்கி அடிச்சிது. அந்தப் பந்தையும் தொட்டு ஒத்திக்கிச்சி.

இதை நான் போன்ல எடுத்தேன். அது தான் நான் பண்ண வேலை. எங்க ஆளுல ஒருத்தனை நிக்க வெச்சி எடுக்கச் சொன்னேன், நாலு தடவை குனியிறதை ஒண்ணா ஒட்டி, ஒவ்வொரு வாட்டியும் கோயில் மணி அடிக்கிற சத்தம் போட்டு ரீலா விட்டேன். யாரு மூஞ்சியும் தெளிவா தெரியாது, ஆனா நம்பரு தெரியும். ரெண்டு நாள்ல எனக்கே தெரியாதவங்க எல்லாம் எனக்கே அனுப்பினாங்க. லெவனும் பாத்துச்சி. சிரிச்சிது. அதோட அத்தை ஊர்ல இருந்து போன் பண்ணி, பொண்ணை எவ்ளோ மரியாதையா வளத்துக் கீறாங்கன்னு சொன்னாங்களாம். நான் காலரைத் தூக்கி விட்டுக்கினேன்.

சீசன் ஆரமிச்சிது. சித்தூர்ல இருந்து பஸ்ஸுல பூதலப்பட்டு தாண்டி திருப்பதி போவோம். எங்களையும் கூட்டிக்கினு போவாங்க, மேட்ச்சுக்கு முன்னாடி வார்ம்-அப்புக்கு ஆள் வேணுமே. டீம் தங்குறது திருச்சானூர்ல ஒரு லாட்ஜ். பொண்ணுங்க மாடியில, நாங்க கீழ, நடுவுல மொத்தமும் பக்தர்கள். நாமம் போட்ட பெரியவரு ஒருத்தரு லிஃப்டுல சென்டர்ல ஆடுற எங்க ஆறடிப் பொண்ணை மேலயும் கீழயும் பாத்துட்டு எந்த ஊர் கோயில் செலைம்மா நீன்னு கேட்டாரு. அது மலையாளம், புரியல, தலையை ஆட்டிச்சி.

ஸ்டேடியத்துல டிக்கெட் விக்காதுன்னு லாட்ஜுங்கள்ல ஓசி பாஸ் குடுத்துட்டாங்க. அதனால கேலரியில பாதி மொட்டை. சந்தனம் தடவுன தலைங்க வரிசையா. சாமி பாத்து முடிச்சிட்டாங்க, ரயிலுக்கு இன்னும் நேரம் கீது, வந்து உக்காந்துக்குவாங்க. ரெண்டு டீமுக்கும் ஒரே மாதிரி கை தட்டுவாங்க. எங்க ஹோம் கிரவுண்ட் பவரு அவ்ளோ தான். பாதிக்கு மேல தோத்தோம். ஜெயிச்ச மேட்ச்சுல லெவன் நல்லா ஆடுச்சி, தோத்ததுலயும் மோசம் இல்ல. எட்டு பேருல அது வரும்னு எல்லாரும் பேசிக்கினாங்க.

அப்பறம் அந்த மேட்ச். எதிர் டீம்ல பந்தை ஓட்டிக்கினு வர்ற கார்டு ஒரு குட்டைப் பொண்ணு, அந்த வாரம் முழுக்க நான் அதுவா தான் ஆடிக்கினு இருந்தேன், அதனால அது இன்னா பண்ணும்னு எனக்கு அத்துப்படி. ஆனா அன்னைக்கு அது வீடியோவுல இல்லாத ஒண்ணைப் பண்ணுச்சி. கால் முனையை நீட்டி லெவன் ஷூக்குப் பக்கத்துல வெச்சிது.

அது என் ஸ்டெப்பு. நான் பொம்பளைங்களைப் பாத்து ஆடுனேன், இப்ப ஒரு பொம்பளை என்னைப் பாத்து ஆடுது.

லெவன் கால் பட்டுச்சி, கை கீழ போச்சி, பந்து போச்சி. கொஞ்ச நேரம் கழிச்சி இன்னொரு தடவை. மூணாவது தடவை லெவன் குனியாம இருக்கப் பாத்துச்சி, குனியாம இருக்குறதுலயே கவனம் போயி பந்தை நேரா அவங்க கையில குடுத்துச்சி. மொட்டைங்க கை தட்டுனாங்க. மேடம் லெவனை உக்கார வெச்சிட்டாங்க. அந்த மேட்ச் முடியிற வரைக்கும் எழுப்பல. அடுத்த மேட்ச்சுலயும் எழுப்பல.

கால் நீட்டுன அந்த மேட்ச்சுக்கு மறுநாள் காலையில சித்தூர்ல மேடம் என்னைக் கூப்புட்டாங்க. போனை நீட்டுனாங்க. கோயில் மணி அடிச்சிது. எந்த டீம்ல இருந்து அனுப்புனாங்கன்னு சொன்னாங்க. என்னைத் தொரத்திடுவாங்கன்னு நெனச்சேன், தொரத்தல. நீ தான் கெடுத்த, நீயே சரி பண்ணுன்னு தெலுங்குல சொல்லிட்டு விசிலை வாயில வெச்சிக்கினாங்க. ரீலை அழிச்சேன். அழிச்சி இன்னா, அது ஊரு சுத்திக்கினு கீது.

லெவன் ஒண்ணும் கேக்கல. அது தான் கஷ்டமா இருந்துச்சி. திட்டுனா நானும் ரெண்டு விடுவேன், சரியாப் பூடும். அது பாட்டுக்கு வந்து பந்தை என் கையில குடுத்துட்டு, காலை நீட்டுன்னு சொல்லிச்சி.

நீட்டினேன். ரெண்டு வாரம் அதே வேலை. குனியாதன்னா அதால முடியல, உள்ள ஏதோ அரிக்கிற மாதிரி இருக்குதாம். அப்ப எனக்கு ஒண்ணு தோணிச்சி. குனிய வேணாம்னு யாரு சொன்னா, இப்ப வேணாம், விசில் அடிச்ச அப்பறம் மொத்தமா பண்ணிக்கோன்னு சொன்னேன். சாமிக்கு வேண்டிக்கினு அப்பறமா செலுத்துறது இல்லையா, அது மாதிரி. லெவன் யோசிச்சிது. சாமி ஒத்துக்குமான்னு கேட்டுச்சி. நான் மலைப் பக்கம் கை காட்டி, இங்க இருந்து எழுவது கிலோமீட்டர், அங்க போய் நீயே கேளுன்னேன்.

அது வேலை செஞ்சிது. பிராக்டிஸ் முடிஞ்சதும் நாங்க அஞ்சு பேரும் லைன்ல நிப்போம், லெவன் ஒவ்வொருத்தன் முட்டியா தொட்டு ஒத்திக்கினே வரும். நான் கையைத் தூக்கி நூறு வருசம் இரும்மான்னு ஆசீர்வாதம் பண்ணுவேன். ஒரு குத்து வாங்குவேன். பத்து நாள்ல ஆட்டத்துல கை கீழ போறது நின்னுச்சி.

கடைசி மேட்ச்சுல மேடம் லெவனை எறக்குனாங்க. நாங்க எப்பவோ வெளிய பூட்டோம், ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒண்ணு தான், ஆனா லெவனுக்கு ஒண்ணு இல்ல. அந்த டீம் கார்டும் ரீலைப் பாத்திருக்கும் போல, காலை நீட்டிச்சி. லெவன் அதைத் தாண்டிப் போய் கூடையில போட்டுச்சி. இன்னொரு வாட்டி நீட்டிச்சி, இன்னொரு வாட்டி போட்டுச்சி. நான் கேலரியில ஒரு மொட்டைப் பெரியவரு தோளைப் புடிச்சி உலுக்கிட்டேன், அவரு கோவிந்தான்னாரு. ஜெயிச்சோம். லெவன் எதிர் டீம் பெஞ்சுக்குப் போயி எல்லாரு முட்டியையும் தொட்டு ஒத்திக்கிச்சி. அவங்களுக்கு ஒண்ணும் புரியல, ரெண்டு பேரு திரும்ப இது காலைத் தொட்டாங்க.

எட்டு பேரு லிஸ்ட் மூணு நாள் கழிச்சி வாட்ஸாப் குரூப்ல வந்துச்சி. வெறும் நம்பருங்க. நான் டைல்ஸ் கடையில பெட்டி மேல உக்காந்துக்கினு மேல இருந்து கீழ பாத்தேன், கீழ இருந்து மேல பாத்தேன். லெவன் இல்ல.

கடையில சொல்லிக்கினு நேரா காலேஜுக்குப் போனேன். மேடம் பந்துங்களை மூட்டையில போட்டுக்கினு இருந்தாங்க. தப்பு என்னுது மேடம், ரீல் போட்டது நான், அந்தக் கால் விசயத்துக்காக அதை வெளிய அனுப்பாதீங்கன்னு ஒரே மூச்சுல சொன்னேன். பாதி தெலுங்கு, பாதி தமிழ்.

மேடம் மூட்டையை வெச்சிட்டு என்னைப் பாத்தாங்க. சிரிச்சாங்க, மொத தடவை.

"ஏமிரா, காலா? அது ஒரு வாரத்துல சரி ஆவுற விசயம். அதுக்கா ஒருத்தியை அனுப்புவேன்? அவளுக்கு எடது கையில பந்து வராது. ரெண்டாவது வாரமே அவகிட்ட சொன்னேன். வலது பக்கம் அடைச்சிட்டா அவ நின்னுடுவா. நீ சீசன் ஃபுல்லா அவ எதிர்ல நின்னியே, ஒரு நாளாவது அவளை எடதுக்குத் தள்ளுனியா?"

நான் யோசிச்சிப் பாத்தேன். தள்ளல. ஒரு நாள் கூட தள்ளல. அதோட வலது பக்கமே நான் காலை நீட்டிக்கினு நின்னேன், அங்க தான் ஒரசும், அங்க தான் சிரிப்பு. எடது பக்கத்தை எவனும் பாக்கல. எல்லாரையும் கீழ பாக்க வெச்சது நான். கடைசி மேட்ச்சுல அது போட்டது எல்லாம் வலது கையில போட்டது தான்.

அந்த எட்டு பேரு போவ இன்னும் ரெண்டு எடம் காலியா வெச்சிருக்காங்களாம். ரெண்டு மாசம் கழிச்சி ஒரு டிரையல், யாரு வேணும்னாலும் வரலாம். லெவன்கிட்ட சொல்லிட்டீங்களான்னு கேட்டேன். அவகிட்ட தான் மொதல்ல சொன்னேன்னு மேடம் மூட்டையைத் தூக்குனாங்க. முட்டி வலிக்கிறவங்க, நான் வாங்கி வண்டியில வெச்சேன்.

லெவனை பஸ் ஸ்டாண்டுல புடிச்சேன். புத்தூர் பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்துச்சி, ரெண்டு பையி, ஒரு தலகாணி. ஃபேக்டரியில திரும்ப எடுத்துக்கினாங்களாம், திங்கக்கெழமையில இருந்து நைட் ஷிஃப்ட். நான் கிட்ட போய் நின்னேன். வழியில ரெண்டு ஜோக்கு ரெடி பண்ணிக்கினு வந்தேன், ரெண்டையும் விட்டுட்டேன்.

"எல்லாம் என்னால தான்"னு சொன்னேன்.

"ஒன்னாலயா? நீ அவ்ளோ பெரிய ஆளு இல்லண்ணா"ன்னுச்சி. "எனக்கு எடது கை வராது. அது ரெண்டாவது வாரமே எனக்குத் தெரியும். நீ காலை நீட்டுனப்ப எல்லாரும் சிரிச்சாங்களா, நானும் அது ஒண்ணு தான் என் கொறைன்னு இருந்துட்டேன். சுலுவா இருந்துச்சி."

பஸ் வந்துச்சி. நான் பையை ஏத்துனேன். லெவன் ஜன்னல் கிட்ட உக்காந்துட்டு, சத்தியவேட்டுல ஸ்கூல் கிரவுண்டுல ஒரு ரிங் கீது, நாயித்துக்கெழமை லீவுன்னுச்சி. வர்றதா இருந்தா வா, வாயை ஊட்லயே வெச்சிட்டு வா.

சனிக்கெழமை ராத்திரியே ஊருக்குப் பூட்டா, நகரியில இருந்து சத்தியவேடு வண்டியில போவலாம். மொத நாயித்துக்கெழமை போனேன். ரிங்குக்கு வலை இல்ல, பின்னாடி பலகையில பாதி இல்ல, பக்கத்துல பசங்க கிரிக்கெட் ஆடிக்கினு இருந்தானுங்க. நான் அதோட வலது பக்கத்தை அடைச்சிக்கினு நின்னேன், யாரு மாதிரியும் இல்ல, என்னை மாதிரியே நின்னேன். எடது கையில தட்டும், நாலு தட்டுல பந்து எங்கயோ போவும், ஓடிப் போய் எடுத்துக்கினு வரும், திரும்ப நிக்கும். பத்து மணி வரைக்கும் ஒண்ணு கூட உள்ள போவல. நான் ஒண்ணும் சொல்லல, என் வாழ்க்கையில அவ்ளோ நேரம் சும்மா இருந்தது அன்னைக்கு தான்.

அஞ்சு நாயித்துக்கெழமை ஆச்சி. ஷிஃப்ட் முடிச்சி தூங்காம வருது, கண்ணு செவந்து கீது. போன வாரம் எடது பக்கமா என்னைத் தாண்டி ரெண்டு போட்டுச்சி. ஒண்ணு நான் விட்டுக் குடுத்தேனான்னு சந்தேகமா கேட்டுச்சி, இல்லன்னேன், நம்பல, இன்னொரு தடவை நிக்கச் சொல்லிச்சி. அந்தத் தடவை நான் எடுத்துட்டேன். டிரையலுக்கு இன்னும் மூணு நாயித்துக்கெழமை கீது.